ஓபரம்மர்காவ்: ஏன் இரண்டு வருடம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமத்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், இயேசுவின் கடைசி நாட்களைச் சொல்லும் பாஸ்கா நாடகம் கொரோனாவால் 2020-ல் நின்று 2022-ல்தான் நடந்தது என்று வாசித்தேன். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் போதாதா? எதற்கு இரண்டு வருடம்? கொள்ளைநோய்க்காக நேர்ந்துகொண்ட நாடகத்தைக் கொள்ளைநோயே நிறுத்தியதும் விசித்திரம்தான்.

கே.ஆர்., திருச்சி

அன்புள்ள கே.ஆர்.,

ஆறு மாதம் என்ற பேச்சுக்கே அங்கே வழியில்லை. பார்வையாளர்கள் அமரும் சுமார் 4,400 இருக்கைகளுக்கு மேலே கூரை உண்டு. எதிரே மேடை திறந்தவெளி. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மே மாத இரவுக்கே போர்வை வேண்டும். 2020 மே 16-ல் தொடங்க வேண்டியதை நவம்பருக்குக் கொண்டுபோனால் பனியில்தான் ஆட வேண்டும். தள்ளினால் முழு வருடமாகத்தான் தள்ள முடியும்.

சரி, 2021? ஒத்திவைப்பை அறிவித்தது 2020 மார்ச் 19. மறு மே மாதம் அரங்கேற வேண்டுமானால் அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க ஒத்திகை நடக்க வேண்டும். அதுவும் மூடிய அறைக்குள், கூட்டுப்பாடகர்கள் வாய்திறந்து பாடும் ஒத்திகை. மேடையில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கிற காட்சிகள் வேறு. முக்கிய வேடங்களுக்கு இருவர் உண்டு, ஒருவர் படுத்தால் மற்றவர் ஆடுவார். ஆனால் ஜனத்திரளுக்கு மாற்றாள் ஏது? 2020 நவம்பரில் ஜெர்மனியின் நாடக அரங்குகள் திரும்பவும் மூடப்பட்டு, மறு வசந்தம்வரை மூடியே கிடந்தன. இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டவர்கள் விவரமானவர்கள்.

இன்னொன்று, தலைமுடி. நம்மூர் நாடகக்காரர்கள் போல அங்கே டோப்பா வைப்பதில்லை. நாடகத்துக்கு முந்தைய ஆண்டின் சாம்பல் புதனன்று (கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள்) முடியும் தாடியும் வளர்க்கச் சொல்லி ஊரில் அறிவிப்பு ஒட்டுவார்கள். ரோமானியராக நடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். 2019 மார்ச் 6-லிருந்து 14 மாதம் என்றால் ஏறக்குறைய ஒரு சாண். தோளைத் தொடும். ஒத்திவைத்ததும் அந்த ஒரு சாணுக்கு வேலையில்லாமல் போயிற்று. 2022-க்காக 2021 பிப்ரவரி 17-ல் மறுபடி அறிவிப்பு வந்தபோது, பொதுமுடக்கத்தால் நாடெங்கும் முடிதிருத்தகங்கள் பூட்டிக்கிடந்தன. மீற நினைத்தவனுக்கும் கத்தரிக்கோல் அகப்பட்டிருக்காது!

நடிப்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 20 வருடம் வசித்திருக்க வேண்டும். மரச்சிற்பி, ஆசிரியர், மாணவர் என்று சுமார் 5,000 பேர் உள்ள ஊரில் 2,000 பேரளவில் ஈடுபடுகிறார்கள். ஒவ்வொருவரும் வேலையில் விடுப்போ படிப்பில் இடைவெளியோ வாங்க வேண்டும். அதை வருடாவருடம் கேட்க முடியாது. சிறுவர்களின் உடை இரண்டு வருடத்தில் சிறுத்துப்போவது தையற்காரர் பாடு.

விசித்திரம் என்றீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1633-ல் நேர்ந்து, 1634-ல் முதல் நாடகத்தைக் கொள்ளைநோயில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு மேல் மேடை போட்டு ஆடிய ஊர் அது. தள்ளிப்போவதும் அவர்களுக்குப் பழக்கம்தான்: 1770-ல் அரசுத் தடை, 1870-ல் போரால் பாதியில் நின்று மறு வருடம் தொடர்ந்தது, 1920-க்குரியது 1922-ல், 1940-ல் நடக்கவே இல்லை. கடைசியாக 2022 மே 14-ல் தொடங்கி அக்டோபர் 2 வரை ஆடினார்கள். அடுத்தது 2032 அல்ல, 2030. விட்டுப்போன இரண்டு வருடத்தை நேர்ச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை.