பெயரைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: காகிதப்பூ போன்சாய் வாங்கியபோது இலை தெரியாத அளவுக்குப் பூத்திருந்தது. எட்டு மாதமாக இலை மட்டும்தான். வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர், வாரம் ஒருமுறை உரம். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. அவர் கொடுத்தது நல்ல செடி. குறை நீங்கள் வைத்த இடத்தில் இருக்கிறது. காகிதப்பூவுக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும், அதை நிறுத்துங்கள். தண்ணீரையும் தினக்கடமையாக ஊற்றாதீர்கள். மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். சற்றே வாடவிட்டால்தான் இந்தச் செடி மொட்டு விடும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். நிழலில் இருந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குத் தள்ளினால் இலை கருகிவிடும். இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள்.

கேள்வி: தொட்டியில் துளை இல்லை. ஆனால் மிக அழகாக இருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வேர் அழுகிவிடும்.

கேள்வி: இணையத்தில் 'நீலப்பூ போன்சாய் விதை' வாங்கினேன். முளைத்தது ஏதோ புல். கேட்டால், 'இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்' என்கிறார்கள்.

பதில்: பொறுக்காதீர்கள். புகார் செய்வதற்கான கெடு முடியட்டும் என்றுதான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். போன்சாய் என்பது மரத்தின் பெயரே அல்ல. தட்டில் நட்டு, வெட்டி, வளைத்து வளர்க்கும் முறைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அது. போன்சாய் விதை என்று தனியாக ஒன்று உலகில் எங்குமே கிடையாது. இது உங்களுக்குத் தெரியாமல் போனது குற்றமில்லை; தெரிந்தே விற்றவர்தான் குற்றவாளி. விளம்பரப் படம், விதை உறை, முளைத்த செடி மூன்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். விற்றவருக்கும் விற்பனைத் தளத்துக்கும் இன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், பணம் செலுத்திய வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் கையில் சான்று எதுவும் மிஞ்சாது.

கேள்வி: பரிசாக வாங்கிய போன்சாய். சிறு வெள்ளைப் பூக்கள். மண்ணின் மேல் கூழாங்கற்களை ஒட்டியிருக்கிறார்கள். அட்டையில் 'போன்சாய், மிதமாக நீர் ஊற்றவும்' என்று மட்டும் இருக்கிறது. தினமும் ஊற்றியும் இலை கொட்டுகிறது.

பதில்: இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. வண்டியில் ஏற்றி இறக்கும்போது மண் சிந்தாமலிருக்கக் கற்களைப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். வாங்குபவர் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பசை என்ன செய்யும் என்று யாரும் சொல்வதில்லை. எனது முதல் போன்சாயும் இப்படித்தான் வந்தது. நான்கு மாதம் ஊற்றினேன். தண்ணீர் கல்லின் மேல் ஓடி, தொட்டி ஓரமாக இறங்கி, கீழ்த்தட்டில் நின்றது. வேருக்குப் போகிறது என்றே நம்பினேன். மரம் பட்டுப்போன பிறகு கல்லைப் பெயர்த்தால், நடுவில் ஒரு பிடி மண் சாம்பல்போல் உலர்ந்து கிடந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. நீங்கள் இன்றே தொட்டியை விளிம்பு வரை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். பிறகு கரண்டிக் காம்பால் கற்களை நெம்பி எடுத்துவிடுங்கள்.

அந்த அட்டை இன்னும் பெரிய அநியாயம். 'மிதமாக' என்றால் எந்த மரத்துக்கு? பாலைவன ரோஜா எனப்படும் அடினியம் வறட்சியைத் தாங்கும், ஈரத்தில் அழுகும். ரைட்டியா ரிலிஜியோசா என்ற வெண்பூ மரம் ஒரு நாள் தாகத்துக்கே துவளும். இரண்டையும் 'போன்சாய்' என்ற ஒரே அட்டையில் விற்பது, பெயர் ஒட்டாத மருந்துப் புட்டியை விற்பதைப் போன்றது. மரத்தின் பெயரைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பெயரைப் பற்றுச்சீட்டிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்; பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு சொல்தான் உங்கள் பக்கம் நிற்கும்.

கேள்வி: அடித்தண்டு பருத்த அடினியத்தை '25 வயது மரம்' என்கிறார்கள். விலையும் அதற்கேற்ப. நம்பலாமா?

பதில்: பருமனை வைத்து நம்பாதீர்கள். நல்ல வெயிலில் அடினியம் சில ஆண்டுகளிலேயே பருத்துவிடும். வயதை விடுங்கள், கட்டைவிரலால் அடித்தண்டைச் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். மண்ணை ஒட்டிய இடத்தில் மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல். பூவை மட்டும் பார்த்து, அழுத்திப் பார்க்காமல் ஒன்றை வாங்கி வந்தேன். மூன்றாவது வாரம் தண்டு சாய்ந்துவிட்டது. இன்னொன்று: அதன் பால் நஞ்சு. வெட்டிய பின் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போயிருந்தேன். தண்ணீர் ஊற்ற யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. திரும்பி வந்தால் இலையெல்லாம் சருகு. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: எதற்கு? உள்ளங்கை ஆழத் தொட்டியில் வாழும் உயிரைப் பத்து நாள் பூட்டி வைத்துவிட்டுப் போனது நீங்கள். கடைக்காரர்மேல் ஒரு தவறும் இல்லை. கோபத்தை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். நகத்தால் ஒரு கிளையின் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நன்றாக நனைத்து, நிழலில் வைத்து, துளிர்க்கும்வரை உரம் போடாமல் காத்திருங்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீறுங்கள், அடிமரம் வரை.