பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்கிறார்களே, உண்மையா?

பேச்சு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. தலை எண்ணுகின்றன என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். அதை நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரி லேபில் இல்லை. ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் தக்காளித் தோட்டத்தில், ஒரு கண்ணாடி டம்ளரில்.

அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். காய் பிடிக்கிற நேரம். முந்தின நாள் சாயங்காலம் நன்றாக நின்ற செடி, மறுநாள் உச்சி வெயிலில் தலையைத் தொங்கப்போட்டது. இலை பழுக்கவில்லை, புள்ளி விழவில்லை, பச்சையாகவே துவண்டுவிட்டது. தண்ணீர் பற்றவில்லை என்று நைனா (எங்கள் வீட்டில் தெலுங்கு) இன்னொரு தண்ணீர் கட்டினார். நாலே நாளில் வரிசை வரிசையாகப் போனது. பார்க்க வந்த வேளாண் அலுவலர் ஒரு செடியின் அடித்தண்டை நறுக்கி, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி டம்ளர் தண்ணீரில் பிடித்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பால் நூல் போல ஒன்று மெல்லக் கீழே இறங்கியது.

"இவ்வளவும் கிருமி. தண்ணி கட்டறதை நிறுத்துங்க, ஓடற தண்ணியிலயே அடுத்த வரிசைக்குப் போயிரும்."

அந்தக் கிருமியின் பெயர் ரால்ஸ்டோனியா சோலனேசியாரம் என்பது பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மண்ணிலிருந்து வேர்க் காயம் வழியாகச் செடிக்குள் நுழையும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை நீந்தும், பெருகும், வேறு எதையும் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒரு கொழுப்பு அமில எஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிய விட்டுக்கொண்டே இருக்கும். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய் மயிரிழை போன்றது. உள்ளே கூட்டம் கூடக் கூட அந்த ரசாயனமும் செறிந்துகொண்டே வரும். மில்லிக்கு ஏறக்குறைய ஒரு கோடி செல் சேர்ந்ததும் உள்ளே அதுவரை சும்மா இருந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். சர்க்கரைப் பிசினைச் சுரந்து தள்ளும், குழாய் அடைத்துக்கொள்ளும். வயலில் தண்ணீர் நிற்கும், செடி தாகத்தில் சாகும். நாங்கள் பார்த்த அந்த உச்சி வெயில், கணக்கு முடிந்ததற்குப் பிறகு வந்த வெயில்.

பத்துப் பேர் மட்டும் இருக்கும்போது பிசின் சுரந்தால் தீனிதான் வீண், குழாய் அடையாது. ஆள் சேரும்வரை காத்திருப்பது லாபம்.

கிராம சபையில் கோரம் (கூட்டம் நடத்தக் குறைந்தபட்ச ஆள்) இல்லை என்று கூட்டத்தை ஒத்திவைப்பார்கள் இல்லையா, அதே சொல்லைத்தான் 1994-இல் ஃபுக்வா, வினான்ஸ், கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு வைத்தார்கள்: கோரம் சென்சிங். வருகைப் பதிவேடு மட்டும் இங்கே கிடையாது.

கண்டுபிடிப்பு அதற்கும் பழசு. கடலில் ஒளிரும் பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்தால், ஆரம்பத்தில் பெருகுகிறதே தவிர ஒளி கூடுவதில்லை. கூட்டம் சேர்ந்த பிறகு சட்டென்று கூடும். அடர்ந்து வளர்ந்த குடுவையின் பழைய நீரைப் புதுக் குடுவையில் சேர்த்தால் முன்னதாகவே ஒளி வரும். 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் எழுதியது இது. அப்போது பலரும் இதை ஒளிரும் பாக்டீரியாவின் விநோதம் என்று ஒதுக்கி வைத்தார்கள்.

அதை ஊருக்கே பொதுவான வழக்கம் என்று காட்டியதில் பெரிய பங்கு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் போனி பாஸ்லருக்கு. அவர் ஆராய்ந்த விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் கடல் பாக்டீரியா தன் இனத்துக்கென்று ஒரு ரசாயனம் வைத்திருக்கிறது. அதோடு வேறு பல இனங்களும் சுரக்கிற இன்னொரு ரசாயனத்தையும் உணர்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் தெலுங்கு, ராயக்கோட்டை தக்காளி மண்டியில் தமிழ், ஓசூர் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவனுக்கு இதில் என்ன அதிசயம்? நம்மவர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று இரண்டு கணக்கும் வேண்டும். இரண்டாவது ரசாயனத்தில் போரான் என்ற தனிமம் இருப்பது 2002-இல் தெரியவந்தது. உயிரினங்களில் போரானுக்கு இன்ன வேலை என்று தெரிந்தது கொஞ்சம்தான். 2015-இல் பாஸ்லருக்கும் கிரீன்பெர்க்குக்கும் சேர்த்து ஷா பரிசு என்ற அறிவியல் விருதைக் கொடுத்தார்கள்.

எண்ணுகிறது என்பதிலும் ஒரு வழக்கு உண்டு. ரசாயனம் செறிந்திருந்தால் கூட்டம் இருக்கிறது என்றுதான் அர்த்தமா? இடம் குறுகலாக இருந்தாலும் செறியுமே! 2002-இல் ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் என்ற நுண்ணுயிர் ஆய்வாளர் இதைத்தான் கேட்டார். சுரப்பது அடித்துக்கொண்டு போகிறதா, பக்கத்திலேயே தங்குகிறதா என்று செல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றார். 2010-இல் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் ஒரே ஒரு செல்லை நெருக்கமாக அடைத்து வைத்துப் பார்த்தார்கள். அது தனியாகவே கோரம் சேர்ந்துவிட்டது! எனக்கு ரெட்ஃபீல்ட் கட்சிமேல் கொஞ்சம் சாய்வு உண்டு. தக்காளித் தண்டுக்குள் கூட்டமும் குறுகலும் சேர்ந்தேதான் இருக்கின்றன, அங்கே எதை எண்ணியது என்று யார் பிரிப்பது?

(தயிர் உறைவதை இதற்கு உதாரணமாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி ஒன்று சுற்றுகிறது. பாலை உறைய வைப்பது அமிலம். அதை இதில் சேர்க்காதீர்கள்.)

என்னை அதிகம் கட்டிப்போட்டது ஏமாற்றுக்காரர்கள் கதை. எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். நாலு வீடு கொடுக்காது, கூழ் ஊற்றும்போது மட்டும் சொம்போடு முதலில் நிற்கும். சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியாவிலும் அதே வீடுகள் உண்டு. புரதத்தை மட்டும் தீனியாக வைத்தால், கோரம் சேர்ந்ததும் எல்லாமாக நொதியை வெளியே விட்டுப் புரதத்தை உடைத்துத் தின்னும். நாளாக ஆக, அந்த ரசாயனச் சைகைக்குச் செவி கொடுக்காத, நொதிக்குச் செலவழிக்காத செல்கள் முளைக்கும். அடுத்தவர் உடைத்ததைத் தின்றே அவை பெருகும். 2007-இல் இரண்டு குழுக்கள் இதை ஆய்வகத்தில் காட்டின. பிறகு எல்லாருமே ஏமாற்றுக்காரர்களாகி ஊர் ஏன் அழியவில்லை? கிரீன்பெர்க் குழு 2012-இல் ஒரு விடை சொன்னது. அடினோசின் என்ற தீனியைச் செல்லுக்குள்ளேயே செரிக்கும் திறனும் அதே சைகையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. செவி கொடுக்காதவனுக்கு அது கிடைக்காது. எங்கள் ஊரிலும் கூழ் எல்லாருக்கும்தான். கிடா வெட்டிய கறிப் பங்கு வரி கொடுத்த வீட்டுக்கு மட்டும்.

இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் லேபில் இருக்கிறேன். பெங்களூரா மாம்பழ சீசனில் குழாய் இணைப்பு ரப்பரில் வழவழவென்று ஒரு படலம் கைக்குத் தட்டுப்பட்டால் வயிறு கலங்கும். அதுவும் கூடி வாழும் கூட்டம்தான். பிசினுக்குள் உட்கார்ந்துவிட்டதைக் கிளப்பக் காஸ்டிக் சோடா கரைசலை ஒருமுறை ஓட்டினால் போதாது.

இதையெல்லாம் ஒருநாள் நைனாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுங்க வாயை அடைக்கிற மருந்து உரக்கடையில கிடைக்குமா?" என்றார். கிடைக்காது. 2001-இல் சிங்கப்பூரில் ஒரு குழு, சைகையை வெட்டும், பாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் நொதியை உருளைக்கிழங்குச் செடிக்குள் வைத்து அழுகல் நோயைக் குறைத்துக் காட்டியது. ரால்ஸ்டோனியாவின் எஸ்டர் வேறு ரகம், அந்தக் கத்தரிக்கோல் இதை வெட்டாது. நோய் தாங்கும் கத்தரிச் செடியின் வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டிய நாற்று வாங்கலாம், இல்லை தக்காளி, கத்தரி, மிளகாய் இல்லாத பயிருக்கு மாறலாம் என்றேன். இரண்டு வருடம் ராகி போட்டார்.

இந்த வருடம் ஒட்டு நாற்று நட்டிருக்கிறோம். பம்ப் செட் ஜன்னலில் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறது, அதில் யாரும் டீ குடிக்கக் கூடாது என்பது நைனா உத்தரவு.