நகைக்கடனில் ஓடும் கால்நடை மருத்துவப் படிப்பு

கேள்வி: ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். அப்பாவுக்கு ஐந்து கறவை மாடு, பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். இதுவரை கட்டணம், விடுதி, மெஸ் எல்லாம் அம்மாவின் நகையை வைத்துத்தான். பாக்கி 1.6 லட்சம். இன்னும் 3 லட்சம் தேவைப்படும். இரண்டு மாட்டை விற்றுவிடலாம் என்கிறார் மாமா. படிப்பு முடிந்ததும் கடன் வாங்கித் தஞ்சாவூரில் செல்லப்பிராணி கிளினிக் வைக்க ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் மாமாவுக்கு: மாட்டை விற்க வேண்டாம். சொசைட்டியிலிருந்து வரும் பால் பணத்தில்தான் வீடும் ஓடுகிறது, நகைக்கடன் வட்டியும் கட்டப்படுகிறது.

நகைக்கடனுக்கும் கல்விக்கடனுக்கும் வட்டியில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. தவணைக் காலத்தில்தான் வித்தியாசம். நகைக்கடன் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்தில் திரும்பக் கேட்கும். உங்கள் படிப்போ நாலரை ஆண்டு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி. நீங்கள் சம்பாதிக்க இன்னும் மூன்றரை ஆண்டு இருக்கிறது. அதுவரை வருடாவருடம் வட்டியைப் புரட்டி, அதே நகையைத் திருப்பி வைத்து, ரசீதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருடம் தவறினால் ஏல நோட்டீஸ் வரும்.

அதனால் இனி வரும் செலவுக்குக் கல்விக்கடன் எடுங்கள். படிப்பின் நடுவில் விண்ணப்பித்தாலும் மீதி ஆண்டுகளுக்குக் கேட்கலாம். விடுதி, புத்தகம், கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை, அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. அந்தக் காலத்தில் தனிவட்டிதான் ஏறும்.

வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சமும் வாங்கிய பிறகு மாத வட்டி 2,500 ரூபாய். கடன் தொகை ஆண்டுக்காண்டு தான் விடுவிக்கப்படும் என்பதால் ஆரம்பத்தில் இன்னும் குறைவு. இதைப் படிக்கும்போதே கட்டிவந்தால், ஏழாண்டுத் தவணை மாதம் சுமார் 4,980. கட்டாமல் விட்டு, கடன் 4 லட்சமாக ஏறினால் 6,640. பயிற்சிக் கால உதவித்தொகை வந்ததும் முதல் செலவு இந்த வட்டியாக இருக்கட்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் வட்டி மானியம் உங்களுக்குக் கிடைக்குமா என்று வங்கியில் கட்டாயம் கேளுங்கள். அப்படிக் கிடைத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

பழைய 1.6 லட்சத்தைப் பால் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசலோடு அடைக்கலாம். அப்பாவிடம் மாட்டுக்கான கிசான் கிரெடிட் கார்டு இருந்தால் அதைப் படிப்புக்குத் திருப்பாதீர்கள். உரிய காலத்தில் கட்டினால் மட்டுமே 4% வட்டி. படிப்புக்கு எடுத்த பணம் வருடக் கடைசியில் கையில் இருக்காது, சலுகையும் போய்விடும்.

கிளினிக் ஆசை நல்லதுதான், ஆனால் படிப்பு முடிந்த கையோடு வேண்டாம். மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கிளினிக்கில் இரண்டாண்டு சம்பளத்துக்கு வேலை பாருங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று கருவிக்கடன் வாங்கிவிட்டு, தடுப்பூசிக்கு மட்டும் நாய்க்குட்டி வந்தால் தவணை கட்ட முடியாது. டிஎன்பிஎஸ்சி கால்நடை உதவி மருத்துவர் தேர்வை எழுதுங்கள், ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்பதை நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள். மேற்படிப்பு என்றால் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தால் மட்டும் போங்கள். தவணை விலக்கை நீட்டிக்க முடியுமா என்று வங்கியில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கல்லூரியில் படிப்புச் சான்றும், விடுதி, மெஸ் உட்பட மீதி ஆண்டுகளுக்கான கட்டண விவரமும் வாங்குங்கள். "நகை இருக்கிறதே, அதிலேயே கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கிளையில் சொல்லக்கூடும். கல்விக்கடனுக்கான வித்யா லக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணோடு போய் உட்காருங்கள்.