இழுத்தால் அகலமாகுமா?

கேள்வி: இழுத்தால் ஒல்லியாகாமல் அகலமாகிற பொருள் இருக்கிறது, அழுத்தினால் தானே திருகிக்கொள்கிற பொருளும் இருக்கிறது என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். பெயர் மெட்டாமெட்டீரியலாம். ஏதாவது புது ரசாயனமா, இல்லை கதை விடுகிறானா?

பதில்: கதை இல்லை, நிஜம்தான். ஆனால் ரசாயனமும் இல்லை, எல்லாம் உள்ளே இருக்கிற வடிவத்தின் வேலை. ரப்பர் பேண்டை இழுத்தால் மெலிகிறது, சப்பாத்தி மாவு உருண்டையை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. நாம் தொட்டுப் பழகியதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். 1987-இல் ரோடெரிக் லேக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி சாதாரண பாலியூரித்தேன் ஸ்பாஞ்சை எல்லாப் பக்கமும் நெருக்கி, சூடாக்கி, அப்படியே ஆறவிட்டார். உள்ளேயிருந்த நுண்ணறைகளின் விளிம்புகள் உள்பக்கமாக மடங்கிப்போனதால், அதன் பிறகு இழுத்தபோது அது தடித்தது!

வீட்டிலேயே பார்க்கலாம். பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து விரித்து, சதுரக் கட்டம் போட்டு, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து, மாறி மாறிப் படுக்கைக் கீறலும் செங்குத்துக் கீறலும் போடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கட்ட நீளம், ஆனால் பக்கத்துக் கீறலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட வேண்டும் (நான் முதலில் காகிதத்தில் செய்து கிழித்துவிட்டேன்). இழுத்தால் சதுரங்கள் கதவு மாதிரி சுழன்று, நீளமும் அகலமும் சேர்ந்தே விரியும்.

அப்புறம் அந்தத் திருகல். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் 2017-இல் நுண்ணிய பாலிமர் தூண் ஒன்றைச் செய்தார்கள். அதிலுள்ள ஒவ்வொரு கனசதுர அறையின் முகத்திலும் ஒரு வளையம், அதிலிருந்து மூலைகளுக்குச் சாய்வாக ஓடும் கைகள். மேலிருந்து அமுக்கினால் கைகள் வளையத்தைத் திருப்பும், வளையங்கள் சேர்ந்து தூணையே திருப்பும். 1 சதவீத அமுக்கத்துக்கு 2 டிகிரிக்கு மேல். இவ்வளவு சிறியதை எப்படிச் செய்வது என்கிறீர்களா? திரவப் பிசினுக்குள் லேசரைக் குவித்தால், குவிகிற அந்த ஒரு புள்ளி மட்டும் இறுகும். புள்ளியை நகர்த்தி நகர்த்தி வரைந்துவிட்டு, மிச்சத்தைக் கழுவிவிட வேண்டியதுதான்.

வடிவமைப்பில் தலைவலி வேறு இடத்தில். அதே அளவுத் தூணில் அறைகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் திருகல் கூட வேண்டும் என்றுதானே தோன்றும்? குறைகிறது. பக்கத்து அறைகள் ஒன்றையொன்று திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.