கோடையில் நல்ல காய்கறியே கிடைப்பதில்லை. பிள்ளைகள் லீவில் இருக்கும்போது வீட்டுக்கு எளிதாக என்ன சமைப்பது?

கோடையில் காய் கிடைக்காது என்று யார் சொன்னது? நீங்கள் பீன்ஸ், காலிஃப்ளவர் என்று தேடிப் போயிருப்பீர்கள். சித்திரையில் பீன்ஸ் விலையைக் கேட்டால் எனக்கும் தலை சுற்றும். அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடையைப் பாருங்கள். மாங்காய், முருங்கைக்காய், வெள்ளரிப்பிஞ்சு, வெண்பூசணி, சுரைக்காய் எல்லாம் குவிந்து கிடக்கும். 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் தொடங்கியதே எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட்டால் நிதானமாகப் பொறுக்கி எடுக்கலாம். முருங்கைக்காயை லேசாக முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுத்தால் இளசு.

எங்கள் வீட்டில் கோடை முழுக்க மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு தயிர்ப்பச்சடி, சுட்ட அப்பளம், மோர். அவ்வளவுதான். இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும், மே மாதம் அடுப்படியில் நின்றவர்கள் சொல்ல மாட்டார்கள்.

போன கோடையில் சென்னையிலிருந்து பெரிய நாத்தனார் பிள்ளைகளோடு வந்திருந்தார். அன்றைக்கு மாங்காய், முருங்கைக்காய், பலாக்கொட்டை போட்ட குழம்பு. கொட்டையை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் மேலே இருக்கும் வெள்ளைத் தோல் வாய் பிளந்து கழன்று வந்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை நான் முழுசாகச் சுரண்டுவதில்லை. கொட்டையை உப்புப் போட்டுக் குக்கரில் தனியாக வேகவைத்துக்கொள்ள வேண்டும். சின்ன வெங்காயம் வதக்கி, முருங்கைக்காய், குழம்புப் பொடி, கொஞ்சமே புளி விட்டுக் கொதித்ததும் வெந்த கொட்டையைச் சேர்த்து, கடைசியில் மாங்காய். முதலிலேயே போட்டால் மாங்காய் கரைந்து காணாமல் போய்விடும். உள்கொட்டையோடு நறுக்கிய துண்டு என்றால் இன்னும் விசேஷம்.

நாத்தனார் தட்டைப் பார்த்தார், அடுப்பு மேடையைப் பார்த்தார். “என்னம்மா, தொட்டுக்க ஒண்ணும் இல்லையா?” என்றார். பச்சடியைக் காட்டினேன். “வெள்ளரிக்காய்தானே” என்றார். அவருடைய சின்ன மகன், காய் என்றாலே ஓடுகிறவன், அதற்குள் மாங்கொட்டையைச் சப்ப ஆரம்பித்திருந்தான். குழம்பு முழங்கை வரை வழிய, “அத்தை, இன்னொரு கொட்டை இருக்கா?” என்கிறான். இதையெல்லாம் பார்த்தவர்தான் ஊருக்குப் போய் என் மாமியாருக்குப் போன் போட்டு, “தம்பி வீட்டில் ஒரே குழம்புதான்” என்று சொல்லியிருக்கிறார்! அந்தக் குழம்பை எனக்குக் கற்றுக்கொடுத்ததே மாமியார்தான். சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பொரியல் வைக்கச் சொல்கிறவர்கள் வந்து ஒன்றையாவது கிளறிக் கொடுக்கலாமே.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கு இரண்டு ஃபேன், படுக்கையறைக்கு ஏசி பாயிண்ட் எல்லாம் கேட்காமலே வைக்கிறார்கள். சமையலறைக்கு மட்டும் சீலிங்கில் ஒரு கொக்கி கிடையாது. கேட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்கிறார்கள். நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அடுப்பா எரிகிறது?

மாங்காய் சூடு, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளாது என்றால் வெண்பூசணி மோர்க்குழம்பு வையுங்கள். துவரம்பருப்பு ஒரு ஸ்பூன் ஊறவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைத்து, கடைந்த புளித்த தயிரில் கலக்கி, வெந்த பூசணியில் ஊற்றுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். வெள்ளரிப் பச்சடிக்கு உப்பைப் பரிமாறும்போது போடுங்கள். முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

ராத்திரிக்கு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். மாவு இருந்தால் தோசை, இல்லாவிட்டால் அவர் போய்ப் புரோட்டா வாங்கி வருவார்.