படம் வரும்வரை பாதியில் நிறுத்தலாமா?

ஒட்டுசுட்டான் தம்பி, நீங்கள் வாசிக்கிற, படமாக வரப்போகிற நாவலின் முன்பாதி முழுக்க அண்ணனின் பயணம், பின்பாதி முழுக்கத் தங்கையின் பயணம், முதல் படம் முன்பாதியோடு முடிந்துவிடும், அதுவரை வாசித்தால் காணும் என்கிறீர்கள். காணாது, முழுதையும் வாசியுங்கள்.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் இரண்டாம் பாகமான 'இரண்டு கோபுரங்கள்' இப்படித்தான். கதாநாயகன் ஃப்ரோடோவும் தோழன் சாமும் அந்த நூலின் பின்பாதியில்தான் தலைகாட்டுவார்கள், 2002இல் வந்த படமோ இரண்டு கதையையும் மாறி மாறிக் காட்டியது, ஏனென்றால் முக்கியமான ஆளை ஒன்றரை மணித்தியாலம் ஒளித்துவைத்தால் சனம் எழும்பிப் போய்விடும். வெட்டும் இடமும் மாறும். அவர்களோடு பயணம் வந்த வீரன் போரோமிர் சாவது அதே நூலின் முதல் அத்தியாயத்தில், படத்தில் அதை முதல் படத்தின் கடைசிக்கு இழுத்துவிட்டார்கள். நூலின் முடிவில் வரும் இராட்சதச் சிலந்தி 2003இல் வந்த மூன்றாம் படத்துக்குத் தள்ளிப்போனது. இரண்டாம் படத்தின் பெரிய கோட்டைச் சண்டையான ஹெல்ம்ஸ் டீப்போடு அதுவும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அமுக்கியிருக்கும் (இது என் ஊகம்தான்).

சரி, உங்கள் நாவலுக்கு வருவோம். தங்கை முதல் படத்திலேயே வருவாள், அண்ணன் பிடிபடும் இடத்தில் படம் நிற்கும். ஒரு கொப்பியில் இரண்டு பேருக்கும் ஒரே இரவில் நடப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், காட்சி தாவுவது அங்கேதான். கிளிநொச்சி நூலகப் புத்தகம்தானே, திருப்பிக் கொடுக்க முதல் எழுதிவிடுங்கள்.