அண்ணனுக்குக் கிடைத்த கிருபை

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் சென்ற ஆண்டு கல்லீரல் கெட்டு இறந்தார். முப்பது ஆண்டுகள் குடித்தார். அப்பாவின் நிலத்தை விற்றார். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு முறைதான் வந்து பார்த்தார். கடைசி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் அழுது ஜெபித்தார். அடக்க ஆராதனையில் எங்கள் சபை ஐயர், அவர் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டார் என்று பிரசங்கித்தார். அம்மாவுக்கு ஆறு ஆண்டு மலம் அள்ளியவள் நான். தண்டனையை நீக்குவது இரக்கம், தகுதியில்லாதவனுக்குக் கொடுப்பது கிருபை என்கிறார்கள். அண்ணனுக்கு இரக்கம் கிடைத்திருக்கட்டும், கிருபையும் எதற்கு? அடுத்த மாதம் நினைவு ஆராதனையில் அண்ணி என்னை வேதம் வாசிக்கச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை. இப்படி நினைப்பது பாவமா?

வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனம் நோவது பாவமென்று நான் நினைக்கவில்லை. அந்த நோவுக்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது; அதைச் சொல்வதற்குமுன் நீங்கள் கேட்ட இரண்டு சொற்களைப் பார்த்துவிடுவோம்.

இரக்கம், கிருபை என்று பிரசங்கங்களில் சொல்லப்படும் அந்த வேறுபாடு விளங்கிக்கொள்ள உதவும். ஆனால் நம் தமிழ் வேதாகமத்தில் அது அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. ஹெசெத் என்ற ஒரே எபிரெயச் சொல் 136ஆம் சங்கீதத்தில் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றும், ஓசியா 6:6இல் “பலியை அல்ல இரக்கத்தையும்” என்றும் தமிழாகியிருக்கிறது. ஆலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், கேட்பது மன்னிப்பைத்தான், ஆனால் தமிழில் அவன் “பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்கிறான். கிருபா என்ற வடசொல்லுக்கே இரக்கம் என்றுதான் பொருள். ஆகவே அண்ணனுக்கு ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை நிறுத்திவைக்க வழியில்லை. தண்டனையை நீக்கியவர் அவரை வாசலிலேயே நிற்க வைப்பாரா?

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், தகப்பனிடம் தன் பங்கை வாங்கிப்போய் அழித்த இளைய மகன் பன்றிகளின் நடுவே உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். “உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்” என்பது அதன் கடைசி வாக்கியம். வீட்டுக்கு வந்தபின் அவன் பேசுவதை வாசித்துப் பாருங்கள். பாவம் செய்தேன் என்கிறான், பாத்திரன் அல்ல என்கிறான்; கூலி வாக்கியம் மட்டும் அங்கே இல்லை. அதைச் சொல்வதற்குள் தகப்பன் வஸ்திரத்துக்கும் மோதிரத்துக்கும் பாதரட்சைக்கும் ஆள் அனுப்பிவிடுகிறான். பட்ட கடனை வேலை செய்து தீர்க்கும் வாய்ப்பை அவனுக்குத் தகப்பன் கொடுக்கவே இல்லை. உங்கள் அண்ணனுக்கு இருந்த இரண்டு வாரத்தில் எதைத் தீர்த்திருக்க முடியும்? இயேசுவோடு சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மன்னிப்புப் பெற்ற கள்ளனுக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடைக்கவில்லை.

இந்த உவமையில் எத்தனையோ பிரசங்கங்கள் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. 12ஆம் வசனத்தில் தகப்பன் ஆஸ்தியை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறான். இளையவன் தன் பங்கை அழித்துவிட்டான். அப்படியானால் அவன் திரும்பி வந்ததற்காக விருந்துக்கு அடித்த கொழுத்த கன்று யாருடைய பங்கில் வரும்? “எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது” என்று தகப்பனே மூத்தவனிடம் சொல்கிறான். தம்பிக்கு இலவசமாய்க் கிடைத்த விருந்துக்கு ஆன செலவு மூத்தவனையும் தொட்டது. கோபித்து விருந்துக்குள் போகாமல் அவன் வெளியே நின்றதில் வெறும் பொறாமை மட்டும் இருந்ததாக என்னால் நினைக்க முடியவில்லை. பெறுகிறவனுக்குக் கிருபை இலவசம்தான்; ஆனால் விலை இல்லாமல் அது வருவதில்லை, யாரோ ஒருவர் கொடுத்திருப்பார். சிலுவையைப் பற்றித் திருச்சபை சொல்வதும் இதையே. உங்கள் வீட்டில் அண்ணன் செய்யாமல் விட்டதையெல்லாம் ஆறு ஆண்டுகள் சுமந்தவர் நீங்கள். அடக்க ஆராதனையில் அதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

அந்த ஆறு ஆண்டுகளுக்கு என்ன கணக்கு என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். “வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்று மத்தேயு 25இல் சொன்னவர் அதை மறக்கமாட்டார். ஆனால் அதைக் கூலியாக எண்ணத் தொடங்கினால் மூத்தவனின் பேச்சு நமக்கும் வந்துவிடும். “இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து” என்று அவன் வேலைக்காரனைப்போலப் பேசுகிறான். தம்பியைத் தம்பி என்று சொல்ல நா எழாமல் “உம்முடைய குமாரனாகிய இவன்” என்கிறான். தகப்பன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இளையவனுக்காக ஓடினதுபோலவே இவனுக்காகவும் வெளியே வந்து, வருந்தியழைத்து, “உன் சகோதரனாகிய இவன்” என்று உறவை அவன் கையில் திருப்பிக் கொடுக்கிறான். மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

நினைவு ஆராதனையில் வாசிக்க முடியாவிட்டால் அதை அண்ணியிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் அந்த முப்பது ஆண்டுகளை அனுபவித்தவர்கள்தானே, புரிந்துகொள்வார்கள். வாசிப்பதானால் புலம்பல் மூன்றாம் அதிகாரத்தை எடுங்கள். “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை” என்று உங்கள் இரண்டு சொற்களும் சேர்ந்தே வரும் 22ஆம் வசனத்தை எல்லாரும் வாசிப்பார்கள். நீங்கள் 19இலிருந்து தொடங்குங்கள். “எட்டியும் பிச்சுமாகிய என் சிறுமையையும் என் தவிப்பையும் நினைத்தருளும்” என்று, கசப்பைக் கசப்பென்றே சொல்லி, இருக்கிறது அங்கே.